குத்துமதிப்பு தெரியாத கால்குலேட்டர்

நகைக்கடையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. விற்பனையாளர் கால்குலேட்டரில் நாலைந்து தட்டு தட்டி, அதை அப்படியே நம் பக்கம் திருப்பிக் காட்டுவார். நாமும் தலையாட்டுவோம். கணக்குக்கு வசதியாக, கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு பவுன் சங்கிலி என்றால் 32 கிராம். தங்கத்தின் விலை மட்டும் 3,20,000 ரூபாய். சேதாரம் 14 சதவீதம், அது 44,800. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி, 10,944. ஆக மொத்தம் 3,75,744. இந்த எண்ணில் ஒரு பைசா பிசகு கிடையாது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாங்க வந்தவரின் முகம் மாறுவதைப் பார்த்து, ‘உங்களுக்காக ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்கிறேங்க’ என்கிறார் விற்பனையாளர். பெரிய மனசுதான். ஆனால் 3,20,000 ரூபாயில் ஒரு சதவீதமே 3,200 வருகிறது. அவர் விட்டுக்கொடுத்தது சேதாரத்தில் முக்கால் சதவீதம்கூட இல்லை. சேதாரம் என்ற பெயரில் போகும் பணத்துக்கோ அரைப் பவுனுக்கு மேல் தங்கம் வரும். அடுத்த கடையில் சேதாரம் 11 சதவீதம் என்றால் வித்தியாசம் 9,600 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு கிராம். இதையெல்லாம் கவனிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு சதவீதம் எவ்வளவு என்பது மனசில் ஓடினால் போதும். அது ஓடாதவருக்குக் கண்ணெதிரே கால்குலேட்டர் இருந்தும் பயனில்லை.

‘எப்பவும் கையில கால்குலேட்டரை வச்சுக்கிட்டே சுத்தப்போறியா?’ என்று கணக்கு வாத்தியார்கள் மிரட்டிய காலம் மலையேறிவிட்டது. ஆமாம், வைத்துக்கொண்டுதான் சுற்றுகிறோம். காய்கறிக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பூ விற்கும் அம்மா என்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. போனுக்குள் கால்குலேட்டர் இருக்கிறது. யுபிஐ வந்த பிறகு சில்லறை கொடுக்கிற கணக்கும் பாதி ஒழிந்துவிட்டது. எனவே, கருவி கிடைக்காத ஆபத்து வேளைக்காக மனக்கணக்கைக் கற்க வேண்டும் என்ற வாதம் இனி எடுபடாது. மனக்கணக்குக்கு வேறு நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது என்பதே என் கட்சி. கேட்ட கேள்விக்குக் கால்குலேட்டர் விடை சொல்லும். என்ன கேட்க வேண்டும், வந்த விடையை நம்பலாமா என்ற இரண்டையும் அது சொல்லாது. அந்த இரண்டு இடத்திலும் உதவுவது தலைக்குள் ஓடுகிற குத்துமதிப்புக் கணக்குதான். கருவி எவ்வளவு எளிதாகக் கையில் கிடைக்கிறதோ, அந்த அளவுக்குக் குத்துமதிப்பின் தேவை கூடுகிறது.

மனக்கணக்கு என்றதும் வித்தையை நினைத்துக்கொள்ளக் கூடாது. சகுந்தலா தேவி 1980-இல் லண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கிக் காட்டினார். வியக்கத்தக்க திறமை, ஆனால் குடும்பம் நடத்த அது வேண்டியதில்லை. நமக்கு வேண்டியவை சில்லறைத் திறமைகள். பத்து சதவீதத்தைக் கண்டுபிடித்துப் பாதியாக்கினால் ஐந்து சதவீதம் வரும். 387 ரூபாய்க்கு 500 ரூபாய்த் தாளை நீட்டினால், 400-க்கு 13, அங்கிருந்து 500-க்கு 100, மீதி 113. 50-இல் 18 சதவீதமும் 18-இல் 50 சதவீதமும் ஒன்றுதான், எனவே 9. ஆடித் தள்ளுபடியில் ‘50 + 20’ என்று பலகை தொங்கினால் அது 70 சதவீதத் தள்ளுபடி ஆகாது; ஆயிரம் ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகி, அதில் 100 குறைந்து 400 ஆகிறது, ஆக 60 சதவீதம்தான். இந்த அளவு கைவசம் இருந்தால் போதும். 387-ஐ 246-ஆல் பெருக்குவதை இயந்திரத்திடமே விட்டுவிடலாம். ஆனால் விடை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் தெரிந்திருக்க வேண்டும்? அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்கு விடை சொல்கிறது. கல்லூரி மாணவர்களிடம் கணினித் திரையில் ஒரு கால்குலேட்டரைக் கொடுத்தார்கள். சில கணக்குகளுக்கு வேண்டுமென்றே பொய் விடை காட்டும்படி அதை அமைத்திருந்தார்கள். உண்மை விடையைவிட 15 சதவீதம் கூடுதலாகக் காட்டியபோது சந்தேகப்பட்டவர்கள் மிகச் சிலரே. அடுத்த சுற்றில் பொய்யின் அளவை 120 சதவீதமாக்கினார்கள்; கூட்டல் குறி வரவேண்டிய இடத்தில் கழித்தல் குறியையும் காட்டினார்கள். இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எண்ணறிவு மிகுந்தவர்களும் குறைந்தவர்களும் கால்குலேட்டரை ஒரே அளவுக்குத்தான் பயன்படுத்தினார்கள். யாருக்குச் சந்தேகம் தட்டியது என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. அதாவது கணக்குத் தெரிந்தவர் கருவியை ஒதுக்குவதில்லை. அதன் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளாமல் இருக்கிறார், அவ்வளவுதான்.

கருவி தானாகப் பொய் சொல்வது அபூர்வம் என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் விரல் பொய் சொல்லும். ஒரு பூஜ்யம் கூடிவிட்டால் 500 ரூபாய் 5,000 ஆகிவிடும். புள்ளி ஓரிடம் தள்ளினால் மருந்தின் அளவு பத்து மடங்காகிவிடும். விரலால் வரும் தவறு பெரும்பாலும் சின்னத் தவறாக இருப்பதில்லை என்பதால் குத்துமதிப்பு தெரிந்தவர் கண்ணில் அது உடனே படும். தட்டியதில் பிழையே இல்லாமல், தட்டிய கணக்கே தப்பாக இருப்பது இன்னொரு வகை. 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட ஒரு பொருளின் விலை 1,180 ரூபாய் என்றால் வரி இல்லாத விலை என்ன? பலர் 1,180-இல் 18 சதவீதத்தைக் கழித்து 967 ரூபாய் 60 காசு என்பார்கள். கால்குலேட்டரும் காசு சுத்தமாக அதையே காட்டும். சரியான விடை 1,000. ஆயிரத்தோடு அதன் 18 சதவீதத்தைச் சேர்த்தால்தானே 1,180 வருகிறது! விலையைப் பார்த்த உடனே ‘ஆயிரத்து நூற்றெண்பது, ஆயிரத்தின் மேல் பதினெட்டு’ என்று பழகிய மனசுக்குத் தோன்றிவிடும். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வந்துவிட்டால் அந்த எண்ணுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. நாமும் எதிர்த்துக் கேட்பதில்லை.

இதற்குக் கால்குலேட்டரைக் குறை சொல்வதா? அளவு பற்றிய உணர்வு இல்லாமை கருவியால் வந்த நோய் என்பதற்கு ஆதாரம் போதாது. 1978-இல், பள்ளிக்கூடங்களில் கால்குலேட்டர் பரவலாகாத காலத்தில், அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கையும் எட்டில் ஏழு பங்கையும் கூட்டினால் உத்தேசமாக எவ்வளவு வரும்? 1, 2, 19, 21 ஆகியவை தெரிவுகள். இரண்டு பின்னமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம் மட்டுமே. 19 என்று சொன்னவர்கள் 28 சதவீதம், 21 என்று சொன்னவர்கள் 27 சதவீதம். மேலே உள்ளதையும் மேலே உள்ளதையும் கூட்டு, கீழே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டு என்று கை மட்டும் ஓடியிருக்கிறது. ஒரு முழு ரொட்டிக்குக் குறைவான இரண்டு துண்டு சேர்ந்து எப்படிப் பத்தொன்பது ரொட்டி ஆகும் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இயந்திரம் இல்லாமலே இயந்திரமாகக் கணக்குப் போட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கால்குலேட்டர் மூளையை மழுங்கடிக்கும் என்ற பழைய புகாரை ஆய்வுகளும் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. 1986-இல் ரே ஹெம்ப்ரி, டொனால்ட் டெசார்ட் இருவரும் 79 ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தார்கள். வழக்கமான பாடத்தோடு கால்குலேட்டரையும் பயன்படுத்திய மாணவர்களின் காகிதக் கணக்குத் திறன் குறையவில்லை, கணக்கின் மீது விருப்பமும் கூடியிருந்தது என்று கண்டார்கள். ஒரே விதிவிலக்கு நான்காம் வகுப்பு. அந்தக் கட்டத்தில் தொடர்ந்து பயன்படுத்தினால் அடிப்படைத் திறன் பாதிக்கப்படுவதாகத் தெரிந்தது. கணக்கில் முன்னணியில் இருக்கும் சிங்கப்பூரே 2009 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் ஒரு தாளில் கால்குலேட்டரை அனுமதித்திருக்கிறது. எதிர்ப்பக்க நம்பிக்கையும் இதே அளவுக்குத்தான் தாங்கும். அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் பிள்ளையின் நினைவாற்றல், கவனம், புத்திக்கூர்மை எல்லாம் பெருகும் என்று தெருவுக்குத் தெரு விளம்பரம் பார்க்கிறோம். வதோதராவில் ஒரு பள்ளியில் மூன்றாண்டு நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மனதுக்குள் மணிச்சட்டம் நகர்த்தப் பழகிய பிள்ளைகளுக்குக் கணக்குப் போடும் திறன் கூடியது. பொதுவான அறிவாற்றலில் மாற்றம் தெரியவில்லை. கணக்குப் பழகினால் கணக்கு வரும். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பது விளம்பரம்.

அப்படியானால் எந்த மாதிரிக் கணக்கைப் பழகுவது? பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரச் சந்தையில் நடந்து 1985-இல் வெளியான ஓர் ஆய்வு, அளவில் சிறியதானாலும், இந்தக் கேள்விக்கு இன்றும் முக்கியமானது. தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளராகப் போய்ப் பொருள் வாங்கினார்கள். தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம் ஒரு காய் 35 குருசேரோ என்றால் நாலு காய் எவ்வளவு என்று கேட்டபோது, மூன்று காய்க்கு 105, அதோடு ஒரு முப்பது, 135, இன்னும் ஐந்து, 140 என்று வாய்விட்டே சொல்லி முடித்தான். பிறகொரு நாள் அதே பையனிடம் தாளைக் கொடுத்து 35-ஐ நாலால் பெருக்கச் சொன்னார்கள். நாலஞ்சு இருபது, கையில் இரண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து. ஐந்து நாலு இருபது. விடை 200 என்று எழுதினான். மிச்சத்தைக் கூட்டிவிட்டுப் பெருக்கியிருக்கிறான். பெருக்கிவிட்டுக் கூட்ட வேண்டும். சந்தையில் அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான். தேங்காய் நாலுக்கு 200 கேட்டால் வாங்க வந்தவர் சண்டைக்கு வருவார் என்பது சந்தையில் அவனுக்குத் தெரியும். தாளில் சண்டைக்கு யாரும் வருவதில்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து, 2025-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பொருளை வெவ்வேறு எடையில் வாங்கி மீதிச் சில்லறை கேட்டால் சரியாகச் சொல்லிவிடும் பிள்ளைகள், பாடப்புத்தக வடிவில் அதே கணக்கு வந்தால் தடுமாறினார்கள். இந்தப் பாதி நாம் எதிர்பார்ப்பதுதான். மறுபாதிதான் பெற்றோர் படிக்க வேண்டியது. பள்ளிக்கூடத்தில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் புத்தகக் கணக்கில் தேறினார்கள். சந்தைக் கணக்கு ஒன்றைக் கொடுத்தபோது, வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகச் செய்ததை, இவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் செய்தார். பள்ளிக்கூடக் கூட்டல் வலப்பக்கத்திலிருந்து, ஒன்றுகள் இடத்திலிருந்து தொடங்குகிறது. மொத்தத்தில் எவ்வளவு வரும் என்பது கடைசி அடியில்தான் தெரியும். சந்தைக் கணக்கு இடப்பக்கத்திலிருந்து வருகிறது. 387-ம் 246-ம் என்றால் முதலில் ஐந்நூறு, பிறகு நூற்றிருபது, கடைசியில் பதிமூன்று, ஆக 633. பாதியில் நிறுத்தினாலும் அறுநூற்றுச் சொச்சம் என்பது கையில் நிற்கும். நமக்கு வேண்டிய குத்துமதிப்பு இந்த முறையின் முதல் இரண்டு அடியிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குத் திண்ணைப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று மனப்பாடம் செய்த தலைமுறையின் பெருமையைப் பேசாமல் தமிழில் கணக்கைப் பற்றி எழுத முடியாது போலும். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று. இவற்றுக்கெல்லாம் வாய்ப்பாடு உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு இந்தச் சுவடிகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த மனப்பாடம் வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் இல்லை, நெல் அளப்பது, நிலம் அளப்பது, கூலி கொடுப்பது என்று ஊர் நடைமுறையோடு பின்னிய பயிற்சி என்பது அவருடைய முடிவு. அதை ஏற்கலாம். அதற்காக இன்றைக்கு முந்திரி வாய்ப்பாட்டைத் தூசு தட்டி எடுக்க வேண்டியதில்லை. ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை மாகாணி வாய்ப்பாடு தினசரித் தேவை. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு நூறு காசு என்று ஆனதும் அந்தத் தேவை போய்விட்டது. மரக்காலும் படியும் கிலோவுக்கும் லிட்டருக்கும் வழிவிட்டபோது நெல்லிலக்கமும் போயிற்று. அதில் வருந்த ஒன்றுமில்லை. இன்றைய அளவுகோல் சதவீதம். வரி, தள்ளுபடி, சேதாரம், வட்டி எல்லாம் அதில்தான் வருகின்றன. அதற்கு ஈடான தினசரிப் பழக்கம் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மனக்கணக்கைப் புகழ்பவர்கள் மறைக்கிற ஒரு பக்கமும் உண்டு. மளிகைக்கடை அண்ணாச்சி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நாற்பது சாமானுக்கும் மனசிலேயே கூட்டிச் சொன்ன காலத்தில் கணக்குச் சக்தி கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. கடன் நோட்டில் அவர் எழுதியதுதான் தொகை. படிப்பறிவில்லாத வாடிக்கையாளர் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க முடியாது. அச்சடித்த பில் வந்த பிறகுதான் எந்தச் சாமானுக்கு எவ்வளவு, எடை என்ன, வரி என்ன என்று வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க முடிந்தது. இந்த அளவில் இயந்திரம் எளியவர் பக்கம் நின்றிருக்கிறது; அதை மறுப்பது நன்றிகெட்ட பேச்சு. இன்னொரு ஆட்சேபம் பிள்ளைகளின் அச்சம் பற்றியது. வாய்ப்பாடு சொல்லத் தெரியாததற்காகப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டவர்கள் வாழ்நாள் முழுக்கக் கணக்கைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 2022 முதல் கட்டாயமாக நடக்கும் வாய்ப்பாட்டுச் சோதனையில் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. இந்த விரைவு எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. கடையில் நிற்பவருக்கு ஆறு விநாடிக் கெடு யாரும் வைப்பதில்லை. குத்துமதிப்புக்கு வேண்டியது நிதானம். தப்பானால் கொஞ்சம்தான் தப்பாகும் என்ற தைரியம். அந்த வகையில் பார்த்தால் கணக்குக்கு அஞ்சும் பிள்ளைக்கு ‘சரியான விடை வேண்டாம், கிட்டத்தட்டச் சொல்லு போதும்’ என்பதைவிட ஆறுதலான பேச்சு இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பணம் கைமாறுவது கடனில். ‘பத்து பர்சன்ட் வட்டிதான் சார், ஃபிளாட் ரேட்’ என்று தொலைபேசியில் ஒரு குரல் சொல்கிறது. ஒரு லட்சம் ரூபாய், மூன்று வருடம். வருடத்துக்குப் பத்தாயிரம் என்று முப்பதாயிரம் வட்டி சேர்த்து 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,611 ரூபாய். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாலும் அதே எண்தான். ஆனால் மனசில் ஒரு கணம் யோசிக்கலாம். முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. தொடக்கத்தில் லட்சம், முடிவில் பூஜ்யம். சராசரியாக நம் கையில் இருந்தது ஐம்பதாயிரம். ஐம்பதாயிரத்துக்கு வருடம் பத்தாயிரம் வட்டி என்றால் இருபது சதவீதம் ஆகிறதே! துல்லியமாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 18 சதவீதம். குத்துமதிப்பு இரண்டு சதவீதம் தவறியது. ஆனால் சொன்ன பத்துக்கும் உள்ள பதினெட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைக் காட்டிவிட்டது. ‘மூணு வட்டி’ என்று ஊரில் சொல்வதும் இப்படித்தான். நூற்றுக்கு மாதம் மூன்று, வருடத்துக்கு 36. மூணு என்பது காதுக்குச் சின்னதாக இருக்கிறது. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதத்தை ஒரு தாளில் தனியாக எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு விதித்திருக்கிறது. நல்ல விதி. ஊர் வட்டிக்காரருக்கு அது பொருந்தாது. வங்கிக்குப் போகிறவரும் எந்த எண்ணைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் அந்தத் தாளைப் புரட்டுவார்.

தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கல்வி நிலையை ஆராயும் ‘அசர்’ அமைப்பு 2023-இல் நாட்டின் 28 மாவட்டங்களில், தமிழ்நாட்டில் பெரம்பலூரில், 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களைச் சந்தித்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டங்களில் மொத்தமாக 43 சதவீதம்தான். அதைவிடக் கவலை தருவது வேறொன்று. கழித்தலாவது தெரிந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, தள்ளுபடிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தபோது 37 சதவீதம் பேர் செய்தார்கள். கடனைத் திருப்பிக் கட்டும் கணக்கைப் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலானவர்களே செய்தார்கள். செயல்முறை கொஞ்சம் தெரிந்திருந்தும் அதை எங்கே வைப்பது என்பது தெரியவில்லை. இவர்கள் கையில் கால்குலேட்டரைக் கொடுத்தால் வகுத்தல் வந்துவிடும், கடன் கணக்கு வராது.

பள்ளிக்கூடத்தில் இதைச் சரிசெய்யப் புதிய பாடம் வேண்டியதில்லை. மதிப்பெண்ணைக் கொஞ்சம் இடம் மாற்றினால் போதும். பத்தாம் வகுப்புத் தேர்வில் உருளை வடிவத் தொட்டியின் கொள்ளளவு கேட்கிறோம். ஆரம் 70 சென்டிமீட்டர், உயரம் ஒரு மீட்டர் என்றால் 1,540 லிட்டர். புள்ளியைத் தவறவிட்ட பிள்ளை 15.4 லிட்டர் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. அது ஒரு குடம் தண்ணீர். ஆள் இறங்கிக் கழுவுகிற தொட்டியில் ஒரு குடம்தான் பிடிக்கும் என்று எழுதியவருக்கும், கடைசிப் பெருக்கலில் சறுக்கி 1,530 என்று எழுதியவருக்கும் இன்றைய முறையில் குறைவது அநேகமாக ஒரே மதிப்பெண். சூத்திரம் எழுதினால் மதிப்பெண், பிரதியிட்டால் மதிப்பெண், விடைக்கு மதிப்பெண். கணக்கைத் தொடங்கும் முன் ‘உத்தேசமாக ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் வரும்’ என்று ஒரு வரி எழுதினால் அதற்கு அரை மதிப்பெண் என்று வையுங்கள். அதற்குப் பிறகு தேர்வறைக்குள் கால்குலேட்டரையும் தாராளமாக அனுமதிக்கலாம்.